தங்கவலையின் மூளை

உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் 'அஃபிலியேட்' என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார், மேடம். மூன்றுமே தப்பு. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல மனிதர், கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் நான் சொல்லப்போவது இன்னொருவர் கையெழுத்தில் கெட்டுப்போவதை நான் விரும்பவில்லை. அதனால்தான் பேனாவைக் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

நீங்கள் என்னை அழைத்தது ஆலோசனைக்காக. என் தங்கைதான் உங்களிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "எங்க அண்ணனைக் கூப்பிட்டுக் கேளுங்க மேடம். இந்த ஆன்லைன் மோசடியெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரர் இதைச் செய்யலைன்னு அவர் நிரூபிச்சுக் காட்டுவார்." அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷன் உள்ளே லாக்கப்பில் இருக்கிறார். அவள் சொன்னது சரி. அவர் இதைச் செய்யவில்லை என்பதை நான் நிரூபிக்கிறேன். கதவு மட்டும் சாத்தியே இருக்கட்டும்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது திருட்டுத் தொழில் அல்ல. ஒரு மிக்ஸியை வாங்கி, ஓட்டிப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் இணையத்தில் எழுதுகிறீர்கள். கீழே கடையின் இணைப்பைக் கொடுக்கிறீர்கள். அதைத் தட்டிப் போய் யாராவது வாங்கினால் கடைக்காரன் உங்களுக்குக் கமிஷன் தருகிறான். சேர்வதற்கு நீங்கள் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. நான் இதை வருஷக்கணக்காகச் செய்கிறேன். மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, முதுகு வலிக்காத நாற்காலி, இவைதான் என் சரக்கு. முதல் கமிஷன் வந்தபோது அதில் ஒரு ஜோடி செருப்பு வாங்க முடிந்தது. அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். நேர்மையாகச் செய்தால் அவ்வளவுதான் வரும்.

மாப்பிள்ளைக்கு இது பெரிய வேடிக்கை. தங்கை புருஷன் என்றாலும் என்னைவிட மூத்தவர் மாதிரிதான் நடந்துகொள்வார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், குரலும் அதற்கேற்ற மாதிரி பெரியது. வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். "மச்சான் கம்ப்யூட்டர்லயே மிக்ஸி ஓட்டுறார். சத்தம் நல்லா வருது, ஜூஸ்தான் வரமாட்டேங்குது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதை ஒரு காரணமாக நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். நான் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் வகுப்பு எடுத்தேன். இலவசம். இணையத்தில் ஏமாறாமல் சம்பாதிப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. சேரக் கட்டணம் கேட்டால் எழுந்து ஓடுங்கள் என்றேன். விற்கிற பொருள் என்ன என்று கேளுங்கள், பொருளே இல்லாமல் ஆள் பிடித்தால் பணம் என்றால் அது தொழில் இல்லை என்றேன். முகவரி இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். விதிமுறைகளைப் படிக்காமல் டிக் செய்யாதீர்கள். "இன்றே கடைசி" என்று அவசரப்படுத்துகிறவனிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். குழப்பமாக இருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்கு மேல் எளிமையாக யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் புரியும்.

வந்தவர்களோ நன்றாகப் படித்தவர்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார். பல் டாக்டர் ஒருவர் வருவார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவன் மனைவி வருவார்கள். மருந்துக்கடை பில் கவுண்டரில் வேலை பார்க்கும் என் தங்கை, கூட வேலை செய்கிற பெண்களைக் கூட்டி வருவாள். மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை வந்து கடைசி வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

வகுப்பு முடிந்ததும் என் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். அப்போது ஒரு கேள்வி வரும். யார் வாயிலிருந்து வந்தாலும் அதே கேள்விதான். "அதெல்லாம் சரி சார், எதுல சேர்ந்தா சீக்கிரம் காசு வரும்?"

அதெல்லாம் சரி சார். தொண்டை வறளப் பேசிவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் நிற்பவனிடம் இதைக் கேட்பார்கள். வங்கி மேலாளர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கடன் மனுவைத் துருவிப் பார்த்தவர். எழுதியதையெல்லாம் அழகாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் காதருகே குனிந்து, "உங்களுக்குன்னு தனியா ஒண்ணு தெரிஞ்சிருக்குமே, அதைச் சொல்லுங்க" என்றார். நான் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பாடம் நடத்தினால் பரீட்சையும் வைக்க வேண்டும். பரீட்சை இல்லாத வகுப்புக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

தங்கவலை என்று பெயர் வைத்தேன். வலை என்று பெயரிலேயே சொல்லிவிட்டேன், மேடம். இதைவிட நேர்மையாக ஒரு மோசடியை யாரும் நடத்தியிருக்க முடியாது. வகுப்பில் நான் எச்சரித்த ஒவ்வொன்றையும் எடுத்து அதில் வைத்தேன். சேரக் கட்டணம் உண்டு. பொருளின் பெயர் 'டிஜிட்டல் செல்வப் பெட்டகம்'. அது என்ன என்று கடைசி வரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். ஆள் பிடித்தால் கமிஷன். பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம், இன்னும் சில நிமிஷங்களே என்று ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தை மூடித் திறந்தால் முதலிலிருந்து ஓடும். தலைமை அலுவலகம் என்று நான் போட்டது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பொதுக் கழிப்பிடத்தின் முகவரி. நிறுவனர் என்று போட்ட படம் ஒரு துணிக்கடை வாசலில் கோட்டு மாட்டி நிற்கும் பொம்மையின் படம். கழுத்தில் விலைச்சீட்டு தெரியாமல் வெட்டி ஒட்டினேன்.

அந்தப் பொம்மையைப் பற்றிப் பல் டாக்டர் என்னிடமே சொன்னார். "யாரோ தங்கவலைன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க சார். அந்த ஓனர் முகத்தைப் பாருங்க, என்ன ஒரு நிதானம்." தினமும் மனிதர்களின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவர் அவர்.

விதிமுறைகள் பக்கத்தில் தெளிவான தமிழில் ஒரு வரி எழுதினேன். "இந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பணத்துடன் காணாமல் போகலாம்; அதற்கு நீங்கள் முழு மனதுடன் சம்மதிக்கிறீர்கள்." அந்தப் பக்கம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த அத்தனை பேரும் அதன் கீழே டிக் போட்டிருக்கிறார்கள்.

பணம் வந்து விழ ஒரு வங்கிக் கணக்கு வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தன் கடைக்கு இணையத்தில் பணம் வாங்கும் வசதி செய்து தரச் சொல்லி, அடையாள அட்டை, கையெழுத்து, போதாக்குறைக்குக் கைபேசியையும் என் கையில் கொடுத்திருந்தார். "இதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட் மச்சான். நான் ஸ்குரூடிரைவர் புடிக்கிற ஆளு." அவர் கடைப் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். அதைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஒரு கணக்கு தேவைப்பட்டது, இது கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. மாப்பிள்ளையும் தங்கவலையில் சேர்ந்தார். தன் பணத்தைத் தன் பெயரில் உள்ள கணக்குக்கே கட்டிவிட்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் தெருத்தெருவாக ஆள் பிடித்தார். நான் அவருக்கு 'வைர உறுப்பினர்' என்று பட்டம் அனுப்பினேன். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். "மச்சான், உங்க மிக்ஸி வியாபாரத்தை ஏறக்கட்டிட்டு இதுல வாங்க. நான் உங்களைத் தூக்கி விடறேன்" என்று தோளில் தட்டினார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

வங்கி மேலாளர் சேர்ந்தார். ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டார் என்று பின்னால் தெரிந்தது. பல் டாக்டர் சேர்ந்தார். ஜெராக்ஸ் கடைத் தம்பதி ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகச் சேர்ந்தார்கள். மருந்துக்கடைப் பெண்கள், ஃபிரிட்ஜ் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், எல்லோரும் சேர்ந்தார்கள். சொந்தத் தங்கையும் சேர்ந்தாள். அவளும் தோற்றுப்போனாள் என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முடிவை வெளியிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் எங்கே சறுக்கினார்கள் என்று விளக்குவதாகத்தான் திட்டம். அதற்கான பேச்சைக்கூடத் தயார் செய்தேன். நல்ல பேச்சு. ஆனால் வகுப்புக்கு வருகிற கூட்டம் குறைந்துகொண்டே போனது. பணம்தான் வருகிறதே, பிறகு பாடம் எதற்கு? பேச்சைக் கேட்க ஆள் சேரட்டும் என்று தள்ளிப்போட்டேன். முதலில் சேர்ந்தவர்கள் கமிஷன் கேட்டார்கள். பின்னால் சேர்ந்தவர்களின் கட்டணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இந்த மாதிரித் திட்டங்களில் அப்படித்தான் செய்வார்கள் என்று நானே வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

என் சொந்தச் செலவுக்கு நான் எதையும் தொடவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன், அது பரீட்சை வேலைக்காக. இப்போது குடியிருக்கிற வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன், அமைதியாக உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் வேண்டாமா? பரீட்சை என்றால் கட்டணம் வாங்குவது எங்கும் உள்ளதுதான்.

ஒருநாள் அலுத்துவிட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு சுலபமாக விழும்போது அதில் சுவாரஸ்யம் போய்விடுகிறது. வெளியே தெரிந்த பக்கங்களையெல்லாம் அழித்துவிட்டு வெள்ளைப் பக்கத்தில் ஒரே வரி போட்டேன். "பரீட்சை முடிவு: அனைவரும் தோல்வி." அதைக்கூட அவர்கள் புரிந்துகொள்ளவில்லை. சர்வர் கோளாறு என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்களாம்.

பிறகு, ஆள் பிடித்தவர் அவர்தானே என்று மாப்பிள்ளை கடைக்குப் போனார்கள். ஷட்டரை நெம்பி உள்ளே இருந்த ஃபிரிட்ஜ்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவை ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ்கள், யார் யாருடையவையோ. அங்கிருந்து வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று, "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லேப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். யாரோ தள்ளியிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி எழுந்து நடக்க மாட்டார் என்கிறார்கள். அது என் பாடத்திட்டத்தில் இல்லை.

மருந்துக்கடையில் என் தங்கையை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டின் ஓனரும் காலி செய்யச் சொன்னார். இப்போது அவள் என் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாள், சமைக்கிறாள், என் சட்டைகளைத் தேய்த்து வைக்கிறாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் எங்கண்ணா போவேன்" என்று சொல்லி அழுகிறாள். அவளைப் புகார் கொடுக்கச் சொன்னவனும் நான்தான். எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஒழுங்கான புகார், நீங்களே பாராட்டினீர்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதைப் பிடித்தால் ஆள் கிடைப்பான் என்று அதில் எழுதியிருந்தேன். நீங்களும் பிடித்தீர்கள், மாப்பிள்ளை கிடைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடத்தான் இருந்தேன். ஆனால் நேற்றுச் செய்தித்தாளில் அவர் படத்தைப் போட்டு, 'மோசடியின் மூளை சிக்கியது' என்று எழுதியிருக்கிறார்கள். மூளையாம். ஒரு இணைப்பைக் காப்பி செய்வதற்குக்கூட எனக்கு போன் போடுகிற மனிதர். பாஸ்வேர்டு கேட்டால் "அது எங்கே கிடைக்கும் மச்சான்?" என்று கேட்டவர். போதாததற்கு இன்று காலை நீங்களே என்னிடம், "இது சில்லறைத் திருட்டு வேலை, பெரிய யோசனையெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றீர்கள். கழிப்பிடத்து முகவரியை நீங்கள் கவனித்தீர்களா, மேடம்? பொம்மையைக் கவனித்தீர்களா? விதிமுறைகளைப் படித்தீர்களா? கோப்பு உங்கள் மேஜையில்தான் கிடக்கிறது. நீங்களும் படிக்கவில்லை.

தங்கவலையைக் கட்டியவன் நான். தனி ஆளாக. நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை இதன் பின்புறம் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையின் கணக்கிலிருந்து பணம் எங்கெங்கே போனது என்பதும் அதில் கிடைக்கும். அவரை அனுப்பிவிடுங்கள். அவர்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. செய்யாத வேலைக்கு அவர் பெயர் வாங்கக்கூடாது.

முடிப்பதற்கு முன் ஒரு திருத்தம். என் தங்கையும் பரீட்சையில் தோற்றாள் என்று மேலே எழுதினேன். வாக்குமூலம் என்றால் சரியாக இருக்க வேண்டும். அது சரியில்லை.

பணம் கட்டுவதற்கு முன் அவள் என்னிடம் வந்தாள். மருந்துக்கடைச் சீருடையோடு, சாப்பிடக்கூடப் போகாமல் வந்திருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த முகவரிக்கு நேரில் போயிருக்கிறாள்.

"அண்ணா, அங்க ஆபீஸே இல்லை. கழிப்பிடம்தான் இருக்கு. வாசல்ல காசு வாங்கறவர்கிட்ட தங்கவலை ஆபீஸ் எங்கன்னு கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்" என்றாள். "அந்த ஓனர் இருக்காரே, அவர் எங்க மருந்துக்கடைக்கு எதிர்ல துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மைண்ணா. தினமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? விதிமுறையில காணாமப் போவோம்னே எழுதியிருக்கான். நீ வகுப்புல சொன்னது அத்தனையும் இதுல இருக்கு. இவர்கிட்ட சொன்னா, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வாயை அடைக்கறார். நீ சொன்னா கேப்பார். இல்லே, எனக்குத்தான் சரியாப் புரியலையா?"

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்தி காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். எழுந்து அவள் தலையில் கை வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்டுபிடித்தது சரி என்று சொன்னால் அன்றே எல்லாம் முடிந்துவிடும். வங்கி மேலாளர் தப்பிப்பார், பல் டாக்டர் தப்பிப்பார். மாப்பிள்ளை ஊர்முழுக்கத் தன் பெண்டாட்டியின் புத்திசாலித்தனத்தைச் சொல்லிக்கொண்டு திரிவார். நான் கட்டிய ஒன்றை ஒருத்தி மதிய இடைவேளையில் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று ஆகிவிடும்.

"நீ பார்த்தது பழைய முகவரி" என்றேன். "பொம்மை மாதிரி நாலு பேர் இருப்பாங்க. விதிமுறையில வக்கீல்கள் அப்படித்தான் எழுதுவாங்க. நானே முழுசா விசாரிச்சுட்டேன். நல்ல கம்பெனி. தைரியமா சேரு."

"நிஜமாவாண்ணா?"

"உன்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

அவள் முகம் தெளிந்தது. வீணாகப் பயந்துவிட்டோம் என்று அவளே சிரித்துக்கொண்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். போய், தன் சேமிப்பு முழுவதையும் கட்டினாள். "எங்க அண்ணனே விசாரிச்சுட்டார், பயப்படாதீங்க" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் மருந்துக்கடையில் பாதிப்பேர் சேர்ந்தார்கள். தயங்கிக்கொண்டிருந்த வங்கி மேலாளரிடமும் அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அவர்கள் அவளைப் பார்த்ததும் தெருவில் காறித் துப்புவது அதனால்தான். அண்ணன் என்று அவள் குறிப்பிட்டது என்னை என்பது தெரிந்தும் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. "பாவம், அந்த வாத்தியாரையும் மாப்பிள்ளை ஏமாத்திட்டான்" என்கிறார்கள்.

தெரிந்தவரிடம் கேளுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். தெரிந்தவனையும் நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. பாடத்தில் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் அவளுக்கு நான் கற்றுக் கொடுத்துவிட்டேன். எந்த அண்ணன் தங்கைக்கு இவ்வளவு செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி நீங்கள் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிடுவீர்கள். முதலில் அழுவாள். அவளிடம் நீங்கள் வேறு எதைச் சொல்வதானாலும் இதை முதலில் சொல்லுங்கள், மேடம்: அத்தனை பேரில் தேறியவள் அவள் ஒருத்திதான், அண்ணன் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று. கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.